உச்சிக் கிளை மாம்பழம்

மாந்தோப்புக்குள் காக்கைகளை விடவே மாட்டேன் என்று கிளி ராஜா ஒற்றைக் காலில் நின்றார். வழிக்கு வரட்டும் என்று அவர் மகள் மரகதவல்லியைக் கடத்தி வரச் சொன்னார் காக்கைத் தலைவர். அந்த வேலை கருமுத்து என்ற காக்கையின் தலையில் விழுந்தது. அவனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் தலைவர் பேச்சைத் தட்ட முடியுமா? இளவரசியைத் தூக்கி வந்து பனைமரப் பொந்தில் ஒளித்து வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, இளவரசி" என்று ஒரு கொய்யாப்பழத்தை அவள் முன்னால் வைத்தான். வைத்ததும் பொந்து வாசலில் நின்று "கா! கா!" என்று கத்தினான்.

"என்னை ஒளிச்சு வச்சுட்டு ஊரையே கூட்டுறியே, நீயெல்லாம் ஒரு திருடனா?"

கருமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. "நாலு பேரைக் கூப்பிடாம சாப்பிட்டா எங்களுக்குத் தொண்டையில இறங்காதுங்க."

"நான் எப்பவும் உச்சிக் கிளையில தனியாத்தான் சாப்பிடுவேன்."

அதற்குள் காக்கைக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. அடிபிடியில் இளவரசிக்கு ஒரே ஒரு விள்ளல்தான் கிடைத்தது. அதைத் தின்றுவிட்டு, கருமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள்.

தினமும் இதே கூத்துதான். கடைசியில் அந்தச் சத்தத்தை வைத்தே கிளிப்படை வந்து அவளை மீட்டுப் போனது.

மறுநாள் கருமுத்து தோப்பு வேலியில் போய் உட்கார்ந்தான். உச்சிக் கிளையில் இளவரசிக்கு முழு மாம்பழம் ஒன்றை வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"கா!"