அடுத்த பொத்தான்

லூர்துவின் வலது கை, பழைய பிக்கப் வண்டியின் இடதுபக்கக் கதவுக்குள் தோள்வரை நுழைந்திருந்தது. கண்ணாடியை ஏற்றும் புது மோட்டாரைப் பொருத்திவிட்டு, அதன் பல்சக்கரத்தை விரல்களால் பிடித்திருந்தான். அப்போதுதான் வண்டிக்காரன் தவசி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். கட்டைவிரலை ஜன்னல் பொத்தான்மேல் வைத்தான்.

"உந் தங்கச்சிய எங்க ஒளிச்சு வச்சிருக்க, மச்சான்?"

"எனக்குத் தெரியாது."

"ஊர்ல வேற மெக்கானிக் இல்லாமலா உங்கிட்ட வந்தேன்? சொல்லுதியா, அழுத்தட்டுமா?"

கணவன் தவசி அடித்து உடைந்த பல்லோடு நின்ற தங்கையை லூர்துதான் பஸ் ஏற்றிவிட்டிருந்தான். கதவுக்குள் கையை விடுமுன் பேட்டரி வயரைக் கழற்றுவது அவன் வழக்கம். இன்று மோட்டாரை ஓட்டிப் பார்க்க மறுபடி மாட்டினான். பிறகு கழற்றினானா? நினைவில்லை. தூக்கியிருந்த பானெட் பேட்டரியை மறைத்தது. மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டாஷ்போர்டு விளக்குகளோ என்றோ செத்தவை.

"அழுத்து, மாப்ள" என்றான். "அது உம் பக்கத்துக் கண்ணாடி. எங் கைக்கு அடுத்த பொத்தான்."

தவசியின் கட்டைவிரல் அடுத்த பொத்தானுக்கு நகர்ந்தது. அழுத்தத்தில் அதன் நகம் வெளுத்தது.