ஆற்காட்டு அட்டிகை

ஆற்காட்டு நவாபின் அந்தப்புரத்தையே ஒளிரவைத்த கெம்புக் கற்கள் இப்போது திருவண்ணாமலையில், காது உடைந்த பிளாஸ்டிக் குவளைக்குள், பூந்திக்கொட்டை நுரையில் ஊறிக்கொண்டிருக்கின்றன. இறந்துபோன மூத்த தாரம் சரோஜாவின் அட்டிகை அது. நாளை தன் தங்கையின் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள, வருஷக்கணக்கில் கெஞ்சி, இன்றைக்குத்தான் குணசுந்தரிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. "ராஜ வம்சத்து நகைடி. பிரஷ்ஷால மெதுவா தேய்," என்கிறார் கணவர் கன்னியப்பன், பனியனுக்குள் கையை விட்டு வயிற்றைச் சொறிந்தபடி. வெந்நீரின் ஆவியில் சரோஜாவின் பவுடர் வாசனை எழுகிறது. கொக்கியில் சிக்கியிருந்த நீள முடி ஒன்று விரலைச் சுற்றிக்கொள்கிறது. அது சுருட்டை முடி. குணசுந்தரிக்கு நேர் முடி. வெளியே "செங்கம், செங்கம்" என்று கூவும் பஸ் கண்டக்டரின் குரல் தூரமாகிறது. அவள் தேய்க்கத் தேய்க்க நுரை இளஞ்சிவப்பாகிறது, பிறகு குவளை முழுக்க ரத்தச் சிவப்பு. தூக்கிப் பார்த்தால் கற்கள் எல்லாம் வெளுத்து, கருவிழி இல்லாத கண்களாக அவளையே பார்க்கின்றன. சுவரில், மாலைக்குள், சரோஜா சிரிக்கிறாள்.

"அக்காவுக்கு இஷ்டமில்லீங்க." குணசுந்தரி ஈரக் கைகளைப் படத்தை நோக்கிக் குவிக்கிறாள். "இனிமே தொடமாட்டேன், அக்கா."

"அவ அப்டித்தான். உசுரோட இருந்தப்பவே யாரையும் அதைத் தொடவுட மாட்டா," என்று கன்னியப்பன் கண்ணை மூடிப் பக்தியோடு தலையாட்டுகிறார். அட்டிகையை வாங்கி, வேட்டியில் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். தீபத் திருவிழாவில், தேரடித் தெருத் தள்ளுவண்டியில், பேரம் பேசி அதைச் சரோஜாவுக்கு வாங்கியவர் அவர்தான்.