மூணு நாள் பேட்டரி

"அண்ணே, மூணு நாள்தான். அதுக்கு மேல உசிரே நிக்க மாட்டேங்குது இதுக்கு."

தையல்காரி வைத்த வேகத்தில் இரண்டு பேட்டரிகளில் ஒன்று கண்ணாடி மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. மின்சாமான் கடைக்காரர் குனிந்து எடுத்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள் அவள்.

"எதுக்குப் போடுறீங்க, அக்கா?"

"மாடியில இருக்கிற மனுஷனுக்கு. கூப்பிடு மணிக்கு."

அவள் கணவர் லாரி டிரைவர். சரக்கு இறக்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஒன்றரை மாதமாகப் படுக்கை. கீழே இரண்டு தையல் மெஷினும் துணி மூட்டைகளும் போக மூச்சு விடத்தான் இடம் என்பதால், அவரை மாடி அறையில் கிடத்தியிருந்தாள். அவர் தலையணை ஓரத்தில், ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் ஒரு பொத்தான். அமுக்கினால் கீழே மெஷினுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும்.

முதல் வாரம் ஒழுங்காக அடித்தது. அப்புறம்தான் தலைவலி பிடித்தது. தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற சாதா பேட்டரி மூன்று ஜோடி வாங்கினாள். மூன்றும் மூன்று மூன்று நாளில் அவுட். வெறுத்துப்போய், போன வாரம் சார்ஜ் பேட்டரிக்கு மாறினாள். அதுவும் அதே கதைதான்.

"சாதாவே போதும்னு அன்னிக்கே சொன்னேனே, அக்கா. எப்பவோ ஒரு தடவை அமுக்குற மணிக்கு அது ஆறு மாசம் வரும். சார்ஜ் பேட்டரியெல்லாம் பிள்ளைங்க பொம்மைக் காருக்கு, கேமராவுக்கு. நீங்கதான் கேக்கல."

"ஆறு மாசமா? ஆறு நாள் வந்தாலே உங்களுக்கு மாலை போடுவேன்."

கடைக்காரர் பேட்டரிகளைச் சோதிக்கும் கருவியில் வைத்தார். முள் சரேலென்று பச்சைக்கு ஓடியது. "ஃபுல்லா இருக்கே. வீட்ல சார்ஜ் போட்டுட்டுக் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல. இப்பத்தான் அவரு கழட்டிக் குடுத்தாரு. உங்க முள்ளும் உங்கள மாதிரிதான் பேசுது."

"மாத்தித் தர மாட்டேன், அக்கா. இதையே திரும்பப் போட்டுப் பாருங்க."

வெயிலில் திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. நாற்பது சீருடைச் சட்டைகளுக்கு இன்னும் காலர் வைக்கவில்லை. மணி செத்துவிட்டால் அரை மணிக்கொரு தடவை தையலைப் பாதியில் விட்டுப் பதினேழு படி ஏற வேண்டும். மூச்சு வாங்க வாசலில் நின்று, "ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்பாள்.

"ஒண்ணும் வேணாம்" என்பார்.

அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீராவது கேட்டால் ஏறி வந்ததற்கு ஒரு நியாயம் இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நேரே மாடிக்கு ஏறினாள். டிரைவர் கையை நீட்டினார்.

"புதுசா? குடு, நான் போட்டுக்கிறேன்."

பேட்டரி எடுப்பதும் போடுவதும் எப்போதும் அவர்தான். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இதற்காவது உதவட்டுமே என்று அவளும் விட்டிருந்தாள்.

"வேணாம். நானே போட்டுப் பாக்குறேன். உங்க கை ராசியே சரியில்ல."

"உனக்கு எதுக்குச் சிரமம். இங்க குடு."

"காலை ஆட்டாமப் படுங்க."

தலையணை ஓரத்திலிருந்து பொத்தானை எடுத்துப் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அதைக் குத்தி வெளியே எடுத்தாள். மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து, ஸ்பிரிங்கில் பேட்டரி படாதபடி நான்காக மடித்துச் செருகிய காகிதம்.

பேட்டரிகளைப் போட்டாள். அமுக்கினாள். கீழே மணி கணீரென்று அடித்தது.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யார் வச்சது இதை?"

காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்களத்தான் கேக்குறேன். நிஜமாவே நீங்க கட்டில்லேருந்து உருண்டு விழுந்திருந்தா? நீங்க கத்துறது அந்த மெஷின் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்குமா? நான் ஒருத்தி அங்க காலரும் கையுமா கிடந்து சாகுறேன். இந்த மாடிப்படி ஏறி ஏறி எனக்கு முட்டி கழண்டுபோச்சு. ஒண்ணும் வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தணும்?"

டிரைவர் போர்வையில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்தார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"மணி கெட்டாத்தானே நீயா வந்து என்னைப் பாக்குறே."