ஸ்ரீதர் கையில் இரண்டு பை

பாம்பூஃப்ளாட் துறையில் படகு ஏறும்போதே சொர்ணம்மா முடிவு கட்டிவிட்டாள். அக்கரைச் சாத்தாமில் இறங்கியதும் அந்த வைஜெயந்தியை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

பின்னே? கட்டின புருஷன் நெஞ்சுவலிக்காரன். அவன் கையில் இரண்டு பை, போதாததற்குக் குடை வேறு. மகாராணி கையை வீசிக்கொண்டு வருகிறாள்.

ஸ்ரீதருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்பது எதிர்வீட்டுச் சொர்ணம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததால் தெருவுக்கே தெரியும். இதய டாக்டர் அறையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அவனுக்குக் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. தீவிலிருந்து மெயின்லேண்ட் போகும் கப்பல் தள்ளிப்போனால் ஊரே வந்து கண்ணாடியைத் தட்டும். அடைக்காமல் என்ன செய்யும்?

வைஜெயந்திக்கு என்ன குறை. கரண்ட் ஆபீஸில் புகார் ஃபோனை எடுத்து, ஆள் வருகிறது என்று சொல்வதற்குச் சம்பளம். நேற்று சீரியல் நேரத்தில் கரண்ட் போனதும், எதிர்வீடு என்ற உரிமையில் சொர்ணம்மா அவள் சொந்த நம்பருக்கே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டிருந்தாள்.

சாத்தாம் வந்தது.

படகுத்துறை ஏற்றத்தில் சொர்ணம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், ஸ்ரீதரிடமிருந்து ஒரு பையைப் பிடுங்கி வைஜெயந்தியிடம் நீட்டினாள்.

“ஏம்மா, ஹார்ட் பேஷன்ட்டை இப்படியா சுமக்க விடுவே? நீயும் கொஞ்சம் தூக்கு, கை ஒண்ணும் தேஞ்சிடாது.”

ஸ்ரீதர் வாயைத் திறந்தான். வைஜெயந்தி அவனைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பாதி ஏற்றத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். பை நழுவ, மறு கை தாடைக்குப் போனது.

ஸ்ரீதர் குடையையும் பையையும் கீழே போட்டான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து அவள் நாக்குக்கு அடியில் வைத்தான். பழகிய கை.

அவள் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எந்தத் தெருவில் கரண்ட் போனதோ.

மூச்சு திரும்பியதும் வைஜெயந்தி நிமிர்ந்தாள்.

“அதை அணைச்சிடுங்க. முதல்ல டாக்டர். அப்புறம் ஆபீஸ். வேற செக்‌ஷன் குடுக்கிற வரைக்கும் நான் அங்கேர்ந்து எழுந்திரிக்கப் போறதில்லை.”

சொர்ணம்மா குனிந்தாள். ஒரு பையை எடுத்தாள். இன்னொன்றையும். குடையையும்.

அன்று மாலை, சீரியல் நடுவில் கரண்ட் போனது.

சொர்ணம்மா எழுந்து மெழுகுவர்த்தியைத் தேடினாள்.