பம்பு பூட்டும் மேசை

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே காலை வெயில் மேசைமேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. வேலை கேட்டு வந்திருப்பவளின் முன்னால், பிரித்துப்போட்ட பம்பு ஒன்றை ஃபோர்மேன் கொட்டுகிறார். "இங்க கணக்கெல்லாம் வேண்டாம்மா. இதைப் பூட்டிக் காட்டு, போதும்." கூட வந்த அப்பா, கணக்கு வாத்தியார், கதவோரம் நின்றபடி முந்திக்கொள்கிறார்: "எட்டாம் வாய்ப்பாடே வராது சார் இவளுக்கு." யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் விரல்கள் வாஷரைத் தடவுகின்றன. எது எங்கே உட்காரும் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்பிரிங் முரண்டு பிடிக்காமல் அடங்குகிறது. அப்பாவின் பார்வை அவளுடைய வலது கை விரல் முட்டிகளிலேயே நிற்கிறது. பாடம் நடக்கும்போது பேனாவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறாள் என்று அந்த முட்டிகளில்தான் ஸ்கேலால் அடிப்பார். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு அவள் கந்தலில் கையைத் துடைக்கிறாள். ஃபோர்மேன் பம்பின் தண்டைக் கையால் சுற்றிவிடுகிறார். அது சத்தமில்லாமல் சுழல்கிறது, நிற்க மனமில்லாததுபோல. "இத்தனை வருஷமா எங்கேம்மா இருந்தே?" கதவுப் பக்கம் திரும்பாமலே அவள் சொல்கிறாள்: "அப்பாகிட்ட டியூஷன்ல, சார்."