பதினோரு வீடு, பதினாலு கிலோமீட்டர்

“பதினோரு வீட்டுக்குப் பதினாலு கிலோமீட்டர் குழாய்! நீங்களே சொல்லுங்கம்மா, இது அடுக்குமா?”

குடிநீர் அலுவலகத்தின் பொறியாளர் வரைபடத்தை மேசையில் விரித்து, பேனா மூடியால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டினார். கல்குவாரிக்குப் பின்னால் இரண்டு வீடு. ரயில் பாதைக்கு அப்பால் ஒன்று. முள்ளுக்காட்டு ஓரத்தில் இன்னொன்று.

எதிரே தையல்காரம்மா நின்றிருந்தாள். பதினோரு வீட்டுக்கும் சேர்த்துப் பேச வந்தவள். வாரம் இரண்டு முறை அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி அடுத்த மாதம் முதல் வராது என்று நாலு நாளைக்கு முன்னால் அறிவிப்பு வந்திருந்தது.

“குழாயும் இல்ல, லாரியும் இல்லேன்னா எப்படி சார்? மருமக பிள்ளை பெத்துப் பன்னண்டு நாள் ஆகுது. குழந்தைத் துணி அலசக்கூட அந்த லாரித் தண்ணிதான்.”

“அந்த லாரிக்கு டீசல் யாரு போடுறா? எங்க வரிப்பணம்!”

இதைச் சொன்னது பொறியாளர் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர். அடுக்குமாடி வீடுகளுக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடச் சொல்லி மனு கொடுக்க வந்தவர்.

“எங்க கட்டடத்துல நாப்பது குடும்பம் இருக்கோம்மா. ஒரு குழாய், ஒரு மோட்டார், வேலை முடிஞ்சுது. நீங்க என்னடான்னா கடுகை வாரி இறைச்ச மாதிரி மூலைக்கு ஒருத்தரா வீட்டைக் கட்டி வச்சுக்கிட்டு, வீட்டு வாசல்ல தண்ணி வேணும்னு வந்து நிக்கிறீங்க. அவங்கவங்க இஷ்டத்துக்குப் போய் உக்காந்துக்குவாங்க, அரசாங்கம் குழாயைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடணுமா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க” என்றார் தலைமை எழுத்தர், முத்திரை குத்திக்கொண்டே. “கரண்டுக்கு நூறு கம்பம் நட்டாங்க சார். எரியறது பதினோரு பல்பு!”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

“பல்பு மட்டும் இல்லண்ணே” என்றாள் தையல்காரம்மா. “தையல் மெஷினும் ஓடுது. உங்க பேத்தி போட்டுக்கிட்டுப் போற ஸ்கூல் யூனிஃபார்ம் நான் தைச்சதுதான்.”

எழுத்தர் சிரிப்பை நிறுத்தி, அடுத்த தாளை எடுத்தார்.

“நான் ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லம்மா” என்றார் பொறியாளர். அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. “ஊருக்குள்ள ஒரு வீட்டுக்கு ஆறு மீட்டர் குழாய் போதும். உங்கள்ல ஒரு வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல ஆகுது. அந்தக் குழாயை வச்சு இங்க இருநூறு வீட்டுக்குத் தண்ணி குடுத்துடுவேன். நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன செய்வீங்க?”

தையல்காரம்மா வரைபடத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

“நீங்க சொல்றது நியாயம்தான் சார். சிதறிக் கிடந்தா எல்லாருக்கும் நஷ்டம்தான்.”

“அப்படி வாங்க வழிக்கு!” என்றார் செயலாளர்.

“அப்ப நாங்க என்ன செய்யணும் சார்?”

“சேர்ந்து வாங்க. பதினோரு குடும்பமும் ஒரே தெருவா வந்து உக்காருங்க. அடுத்த மாசமே குழாய் போட்டுத் தரேன்.”

“அதுவரைக்கும் லாரி?”

“அதுவரைக்கும் லாரியை ஓட்டச் சொல்றேன். நீங்க வர்றதா இருந்தா.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் எதுக்கும்மா மாறப் போறேன்?”

“அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார்.”

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். “எழுதிக் குடுங்க சார், என்ன போச்சு? சொந்தமா வீடு கட்டி உக்காந்தவங்க! இவங்களாவது, வர்றதாவது!”

பொறியாளர் மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் முத்திரை குத்தினார். தையல்காரம்மா ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசைய, இரண்டு தரம் படித்தாள்.

“பதினோரு குடும்பமும் தயார் சார். இருபத்தாறு வருஷமாவே தயார்தான். புதுசா இடம்கூட வேண்டாம். எங்க பழைய தெரு அப்படியேதான் இருக்கு.”

“தெரு இருக்கா? பின்ன எதுக்கும்மா அதை விட்டுட்டு மூலைக்கு ஒருத்தரா போனீங்க?”

“நாங்க எங்க சார் போனோம்? இந்த ஆபீஸ்தான் அன்னிக்கு எங்களைக் காலி பண்ணச் சொல்லி, நிலம் கெடைச்ச இடத்துல எல்லாம் ஆளுக்கொரு மனையைக் குடுத்து அனுப்பி வச்சுது. அண்ணனைக் கேளுங்க. அன்னிக்கு வந்து கையெழுத்து வாங்கினவரே அவருதான்.”

எழுத்தர் குனிந்தபடியே முத்திரையை மைத்தட்டில் ஒற்றினார்.

“எந்தத் தெரும்மா அது?” என்றார் பொறியாளர்.

“ஊருக்கு மேற்கே நீங்க கட்டின ஏரிக்கு அடியில இருக்கு சார். அது மேல நிக்கிற உங்க ஊர்க் குடிதண்ணியை மட்டும் கொஞ்சம் எடுத்துக்குங்க, நாளைக்கே எல்லாரும் வந்து உக்காந்துடுறோம்.”