முப்பதாவது பாட்டு

அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் கடைசி. மூன்று மணி வெயில் மாடி வீட்டுக்குள் நேராக இறங்கியது. ஒரே கணினியிலிருந்து இரண்டு ஹெட்போன். ஒன்று அவன் தலையில், ஒன்று அவள் தலையில்.

“சும்மா கேளு, செலின். சாதாரண ஆளு ஒருத்தர் கேட்டா எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவன் அவளை இப்படி உட்கார வைத்தது இந்தக் கோடையில்தான்.

அவளுக்கு அவன் போடுகிற இந்த டிஜே இசை பிடிக்காது. எல்லாமே ஒரே இடி என்பாள். அவன் சிரிப்பான்.

புதுச்சேரியில் கடற்கரை ஓரத்து ஓட்டலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாட்டுப் போடுபவன் அந்துவான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறப்பதற்குள் முப்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பான். எல்லாம் புத்தம் புதியவை. எங்கோ பெர்லினில் ஒருவன் போட்டது, லாகோஸில் ஒருத்தி போட்டது, கொச்சியில் இரண்டு பேர் பழைய மெட்டை உடைத்து ரீமிக்ஸ் செய்தது. ஆயிரம் கேட்டால் முப்பது தேறும். அந்தப் பட்டியலை அவன் வலையில் ஏற்றுகிற நாளுக்காக ஊர் ஊராக ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களுடைய கோடை அன்றைக்குத்தான் தொடங்கும்.

போன டிசம்பரில் அவள் அந்த ஓட்டலுக்குப் போயிருந்தாள்.

ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு. ஊசி மாதிரி ஒரு கீச்சொலி கிளம்பியது. ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக் காதைப் பொத்தினார்கள்.

மேடையில் அவன் மட்டும் சிரித்தான். கூட்டம் குஷியில் கை தூக்குகிறது என்று நினைத்து, தானும் இரண்டு கையையும் தூக்கினான்.

யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள்.

பிறகு அவன் தனியாக டாக்டரிடம் போய் வந்தான். “காதுல அழுக்கு, அவ்வளவுதான்” என்றான். அவன் பைக் பெட்டியில் மடித்து வைத்திருந்த காதுச் சோதனை அறிக்கையை அவள் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை செய்பவள். கட்டங்களில் போகிற கோடு பாதி வழி வரை நேராக ஓடி, உயர்ந்த ஒலிகளுக்கான பக்கத்தில் சரிந்து விழுந்திருந்தது.

பார்த்ததை அவள் சொல்லவில்லை.

“இதுல மேல் ஸ்தாயில என்ன வருது?” என்று கேட்பான், பாட்டு ஓடும்போதே.

“வளையல் உரசுற மாதிரி.”

“இதுல?”

“குக்கர் விசிலடிக்கறதுக்கு முன்னாடி ஒரு காத்து வரும்ல, அது.”

எழுதிக்கொள்வான். அவளிடம் ஏன் கேட்கிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் இருபத்தொன்பது பாட்டுகள் இப்படியே சேர்ந்துவிட்டன.

முப்பதாவதைத் திருச்சியிலிருந்து ஒரு பெண் அனுப்பியிருந்தாள். முன்பின் தெரியாதவள். உங்கள் பட்டியல்களைக் கேட்டுத்தான் நானே பாட்டுப் போடக் கற்றுக்கொண்டேன், இது என் முதல் ரீமிக்ஸ், முழுதாக ஒரு தடவை கேட்டால் போதும் என்று எழுதியிருந்தாள்.

முதல் தடவை கேட்கும்போது அவன் திரையைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினான்.

மெல்லிசாக ஒரு ஒலி வந்தது.

ஈர விரலைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் ஓட்டினால் வருமே, அப்படி. அதன்மேல் இன்னொன்று, இன்னும் உயரத்தில். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போயின. தாளம் கிடையாது. இடி கிடையாது.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த இசைக்குள் இப்படியொன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இத்தனை வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தானா இந்த மனுஷன்?

திரும்பி அவனைப் பார்த்தாள்.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகம் மாதிரி இருந்தது.

“இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றான், கண்ணைத் திறக்காமல்.

அந்த இரண்டு ஒலிகளும் சேர்ந்து ஒன்றாகிற இடம் அப்போதுதான் வந்தது.

“இன்னும் இல்ல.”

வாயிலிருந்து அதுதான் வந்தது.

ஒரு நிமிடத்துக்கும் மேலே அப்படியே போனது. பிறகு அடியிலிருந்து முழக்கம் எழும்பியது. அவன் தலை ஆடத் தொடங்கியது. முகம் மலர்ந்தது. முடியும்வரை ஆடினான்.

“பிரமாதம்” என்று ஹெட்போனைக் கழற்றினான். “பட்டியல் முடிஞ்சுது. பாத்தியா, ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்லாம விட்டிருக்கா. பெரிய ஆளுங்களுக்கே அந்தத் தைரியம் வராது.”

கணினியைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத ஆரம்பித்தான்.

செலின் திரையையே பார்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

*தொடக்கத்தில் நீ விட்டிருக்கும் அந்த நிசப்தம்*

அவள் அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

“என்ன?”

“முதல்லேர்ந்து போடு, அந்துவான். நான் சொல்றேன்.”

எதை என்று அவன் கேட்கவில்லை.

பிறகு எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். கண்ணை மூடிக்கொள்ளாமல், அவள் உதடுகளைப் பார்க்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்தான்.